கப்பல்கள் மோதாமல் இருக்க...

விழிஞ்ஞம் என்றதும் கோவளத்துக் கலங்கரை விளக்கமும் மீன் சந்தையும்தான் நம்மில் பலருக்கு நினைவில் வரும். ஆய் மன்னர்களின் துறையாக இருந்த அவ்வூர் இன்று பெருந்துறைமுகம். 2024 ஜூலையில் முதல் சரக்குப் பெட்டகத் தாய்க்கப்பல் இங்கு வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அடுத்த மாதமே சுமார் 400 மீட்டர் நீளமுள்ள 'எம்.எஸ்.சி. ஐரினா' வந்து நின்றது. பன்னாட்டுக் கப்பல் பாதை இங்கிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவில்தான் உள்ளது. அதே கடலில்தான் விழிஞ்ஞம், பூந்துறை, குளச்சல் மீனவர்களும் இரவெல்லாம் வலை போட்டிருக்கிறார்கள். கப்பலில் இரண்டாம் அதிகாரியாகப் பணியாற்றியவன் என்ற முறையில், மோதலைத் தவிர்க்கும் வழிகள் பற்றி நான் அறிந்ததை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

காவல் முறை

கப்பலைச் செலுத்தும் உயர்ந்த மேடைக்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். அங்கே நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்பதே வழக்கமான முறை. நள்ளிரவு 12 முதல் 4 வரை இரண்டாம் அதிகாரியின் பொறுப்பு. உறக்கம் கண்ணைச் சுற்றும் வேளை அது. இருட்டிய பின் அதிகாரியோடு, கண்காணிப்பதையே வேலையாகக் கொண்ட மாலுமி ஒருவரும் உடனிருக்க வேண்டும்.

ஐந்தாவது விதி

1972ஆம் ஆண்டு உருவாகி 1977 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளில், ஐந்தாவதை நான் உயிர்நாடி என்பேன். கண்ணாலும் காதாலும், கைவசமுள்ள எல்லாக் கருவிகளாலும் எந்நேரமும் கண்காணிக்க வேண்டும் என்பதே அது. ரேடார் துணைக்கருவியே தவிர, கண்ணுக்கு மாற்று அல்ல. 1956 ஜூலையில் அமெரிக்கக் கரையருகே மோதிக்கொண்ட 'ஆந்திரியா டோரியா', 'ஸ்டாக்ஹோம்' ஆகிய இரண்டு கப்பல்களிலும் ரேடார் இருந்தது. இரண்டும் மற்றதைத் திரையில் கண்டும் இருந்தன!

ஆபத்தை அறிவது எப்படி?

எதிரே தெரியும் கப்பலின் திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். சில நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். தொலைவு குறைந்துகொண்டே வந்தும் திசை மாறவில்லை என்றால், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கப் போகின்றன என்று பொருள்.

அடுத்து, விலக வேண்டியவர் யார்? நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், மற்றக் கப்பலைத் தம் வலப்புறத்தில் காண்பவர் விலக வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை விளக்கு உண்டு. ஆகவே வலப்புறம் இருந்து குறுக்கிடும் கப்பலின் சிவப்பு விளக்குதான் நமக்குத் தெரியும். சாலையைப் போலவே சிவப்பு என்றால் வழிவிடு! வலை, தூண்டில் கொண்டு மீன்பிடித்துக் கொண்டிருக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் விலகியே ஆக வேண்டும். விலகுவதையும் முன்கூட்டியே, மற்றவர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும்படி செய்ய வேண்டும்.

எட்டு நிமிடக் கணக்கு

15 நாட் வேகத்தில் செல்லும் கப்பல், ஒரு கடல் மைலை நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். சிறு மீன்பிடிப் படகின் விளக்கு குறைந்தது இரண்டு கடல் மைல் தெரிய வேண்டும் என்பது விதி. அப்படியானால் விளக்கைக் கண்டு, கணித்து, கப்பலைத் திருப்ப இருப்பது எட்டே நிமிடம். பெருங்கப்பலின் முன்னால் 500 மீட்டர் வரை கடற்பரப்பு மேடையிலிருந்து மறைந்திருக்கலாம் என விதியே இடமளிக்கிறது. கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கடலில் நடவாது.

நம் கடலில் நடந்தவை

2017 ஜூனில் கொச்சிக்கு அப்பால் 'கார்மல் மாதா' படகில் மூவரைக் கடல் கொண்டது. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து சென்ற 'ஓஷியானிக்' படகு மோதுண்டது; அதிலிருந்தவர்களில் பலர் நம் குமரி மாவட்டத்து மீனவர்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் 'ரபா' என்ற படகில் இருந்த 14 பேரில் மீட்கப்பட்டவர் இருவரே. மூன்றுமே நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் நேர்ந்தவை.

செய்ய வேண்டியவை

1. காவலருக்குப் போதிய ஓய்வு. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு என்பது பன்னாட்டு விதி. ஏட்டில் மட்டும் எழுதினால் போதாது.

2. அதிகாரி அசைவற்றிருந்தால் ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவியை அணைத்து வைக்கக் கூடாது.

3. மீன்பிடிப் பகுதியில் கப்பல் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐயம் வந்தால் தலைவரை எழுப்பத் தயங்கக் கூடாது. பிறர் நோக்கம் புரியாவிட்டால் ஐந்து குறுகிய ஊதல் ஒலி எழுப்ப வேண்டும்.

4. படகினர் பங்கும் உண்டு. எல்லோரும் ஒருசேர உறங்காமல் ஒருவராவது விழித்திருப்பது, விதிப்படி விளக்கு, ரேடாரில் தெரிய உதவும் பிரதிபலிப்பான், ரேடியோவின் 16ஆம் அலைவரிசையைக் கேட்பது ஆகியவை உயிர்காப்பவை. ஃபைபர் படகும் மரப்படகும் ரேடாரில் எளிதில் தென்படா.

விழிஞ்ஞத்தில் கப்பல்கள் பெருகுவது நன்று. நம் வீட்டுப் பிள்ளைகளும் கடற்படிப்பை நாடிப் பிரிட்ஜில் காவல் நிற்கப் போகிறவர்களே. தொலைவில் மினுங்கும் அந்தச் சிறு விளக்கின் கீழே ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருக்கிறது என்பதை அவர்களுக்கு இப்போதே சொல்லி வைப்போம்.