மணலி பக்கத்தில் இருந்தும் டீசல் ஏன் மலிவாகவில்லை?

எங்கள் மீனவ ஊரான தோணிரேவில் படகுக்கு டீசல் ஊற்றும்போதெல்லாம் இந்தப் பேச்சு கிளம்பும். "பொன்னேரி தாண்டிப் போனா மணலி. அங்கதான் காய்ச்சி எடுக்கிறாங்க. நமக்கு மட்டும் என்னத்துக்கு இந்த வெல?" கேள்வி நியாயமானது. அதற்கு அடியில் கிடக்கும் நம்பிக்கைகள்தான் சரியில்லை.

நம்பிக்கை: உள்நாட்டில் சுத்திகரித்தால் டீசல் மலிவு.

மணலியில் இருப்பது சுத்திகரிப்பு ஆலை; அங்கே கச்சா எண்ணெய் ஊறுவதில்லை. பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, குழாய் வழியே ஆலைக்குப் போகிறது. 1965இல் இந்த ஆலைக்காக மெட்ராஸ் ரிஃபைனரீஸ் உருவானபோது இந்திய அரசோடு அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்கு போட்டன. எண்ணெய் விற்கிறவரே வாங்குகிறவர் ஆலையில் பங்காளி. அன்றைக்கு ஈரானுக்கு அது உறுதியான வாடிக்கை. 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன்னோடு ஓடத் தொடங்கிய ஆலையின் திறன் இன்று 1.05 கோடி டன்.

ஆனால் ஆலை வாசலில் டீசலுக்கு வைக்கும் விலை உலகச் சந்தையைப் பார்த்து வைப்பது. அதன்மேல் மத்திய கலால் வரி, மாநில வாட், பங்க்காரர் கமிஷன். மீன்பிடிப் படகுகளுக்கு மாநில அரசு விற்பனை வரி இல்லாமல் டீசல் தருகிறதே, அங்கே குறைவது வரிதான்; காய்ச்சுகிற கூலி அல்ல.

நம்பிக்கை: கச்சாவாக விற்பவன் ஏமாளி, காய்ச்சி விற்பவனுக்கே காசு.

தோணிரேவுப் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். ஓலை மலிவு, பெட்டியின் விலையில் பெரும்பகுதி விரல்களின் வேலைக்கு. சுத்திகரிப்பையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். அங்கே செலவில் மிகப் பெரிய பங்கு கச்சா எண்ணெய்க்கே போய்விடும். மிஞ்சுவதில்தான் வட்டி, சம்பளம், லாபம் எல்லாம். ஓலைப் பெட்டியைவிடக் கருவாட்டுக்குத்தான் இது நெருக்கம். பச்சை மீன் நல்ல விலை போகிற நாளில் அதை உப்பில் போடுவார் உண்டா?

அந்த லாபமும் நிலையானதல்ல. 2020 ஊரடங்கில் பெட்ரோலும் விமான எரிபொருளும் கேட்பாரற்றுக் கிடந்தன; காய்ச்சும் லாபம் கரைந்தது. 2022இல் உக்ரைன் போர் வந்ததும் அதே லாபம் ஊதிப் பெருத்தது. தனியார் ஆலைகளுக்கு உள்ளூர் பங்க்கைவிட ஏற்றுமதி இனித்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று டீசல் ஏற்றுமதிக்கு லிட்டருக்கு 13 ரூபாய் வரி போட்டது அரசு. 2024 டிசம்பரில்தான் அந்த வரி முழுதாக விலகியது.

நார்வே தன் கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை அப்படியே விற்கிறது, ஏழையாகிவிடவில்லை. இலங்கையில் 1969 முதலே சபுகஸ்கந்தயில் ஆலை உண்டு. 2021 நவம்பரில் கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் அதை மூடினார்கள். சட்டி இருந்தது, மீன் இல்லை.

நம்பிக்கை: இந்தியா டீசல் ஏற்றுமதி செய்கிறது, அப்படியென்றால் எண்ணெய் மிஞ்சுகிறது.

இல்லை. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. ஜாம்நகரில் இருப்பது போன்ற ஆலைகள் கச்சாவை வாங்கிக் காய்ச்சி விற்கின்றன, அவ்வளவே.

இன்னொரு செலவு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. வலையும் படகும் கறுப்பாகி, கழுவினாலும் போகாத பிசுக்கு. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பீப்பாய்க்கு இத்தனை டாலர் என்று ஆலைகள் சொல்லும் லாபக் கணக்கில் அந்தப் பிசுக்குக்கு இடமில்லை.