திறக்கக் கூடாத அணை

அன்புள்ள தங்கைக்கு,

"தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்று 1974இலேயே சட்டம் வந்துவிட்டதாகப் பாடத்தில் இருக்கிறது. பிறகு ஏன் ஆறு இன்னும் நாறுகிறது?" என்று கேட்டிருந்தாய். பாடப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. ஓர் அணையிலிருந்து தொடங்கினால் எளிதாக விளங்கும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊரருகே காவிரியில் கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே, ஒரத்துப்பாளையத்தில், பாசனத்துக்காக அதன் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். 1992இல் வேலை முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் அணையில் சாயப்பட்டறைக் கழிவுநீர் தேங்கி நின்றது. அணையைத் திறந்துவிடச் சொல்லி உழவர்கள் போராடுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். ஒரத்துப்பாளையத்திலோ, திறக்கவே கூடாது என்று கீழ்ப்பக்கத்து உழவர்கள் போராடினார்கள். அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் பயிர் கருகியது; கிணறு உப்புக் கரித்தது; தென்னை குரும்பையிலேயே உதிர்ந்தது.

இத்தனையும் நடந்தபோது சட்டம் இருந்தது. அதை நடத்த ஒரு வாரியமும் இருந்தது.

முதலில் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார். 1972 ஜூனில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் சபை சுற்றுச்சூழல் மாநாட்டைக் கூட்டியது. பிரதமர் இந்திரா காந்தி அதில் பேசினார். இரண்டே ஆண்டில், 1974 மார்ச்சில், நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் நமது அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றம் தன்போக்கில் அதைப் பற்றிச் சட்டம் செய்துவிட முடியாது. அதனால் 252ஆவது பிரிவு என்ற வாசல் வழியாக இந்தச் சட்டம் வந்தது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம், மற்ற மாநிலங்கள் விரும்பும்போது அதை ஏற்றுக்கொள்ளலாம். முதலில் 12 மாநிலங்கள் கேட்டன. தமிழ்நாடு அந்தப் பன்னிரண்டில் இல்லை. இங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27ஆம் தேதிதான் அமைந்தது.

அளவுகளையும் நெறிகளையும் வகுப்பது மத்திய வாரியம். களத்தில் இறங்கி ஆலைகளைக் கண்காணிப்பது மாநில வாரியம். கழிவுநீர் வெளியேற்றும் எந்த ஆலையும் இரண்டு முறை வாரியத்தின் வாசலுக்கு வந்தாக வேண்டும்: கட்டுவதற்கு முன் ஓர் இசைவாணை, ஓட்டுவதற்கு முன் இன்னொரு இசைவாணை. சாயப்பட்டறையும் தோல் பதனிடும் ஆலையும் சிவப்பு வகை, அதாவது அதிகம் மாசு செய்யக்கூடியவை. கழிவுநீர் மாதிரி எடுப்பதற்குக்கூடச் சட்டம் முறை வைத்திருக்கிறது. ஆலைக்காரருக்கு அறிவிப்பு கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, புட்டிகளுக்கு முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அந்தப் புட்டி நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது.

அந்தப் புட்டிக்குள் என்ன பார்க்கிறார்கள் என்பதில்தான் உன் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

ஆற்றில் கலக்கும் மலம், சமையலறைக் கழிவு, தோலிலிருந்து சுரண்டிய கொழுப்பு எல்லாமே நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை அதைத் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. உணவு கூடக்கூட ஆக்சிஜன் குறைகிறது, மீன் செத்து மிதக்கிறது. எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதை அளக்கும் எண்ணுக்கு 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' என்று பெயர். ஆய்வகத்தில் சுருக்கமாக பி.ஓ.டி. என்பார்கள். நமது நாட்டு வெப்பத்துக்கு ஏற்ப, மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து இதை அளக்கிறார்கள். இறங்கிக் குளிக்கத் தகுந்த ஆறு என்றால் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மத்திய வாரியம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடைப்பட்ட கூவத்தில் பதிவான அளவு 345.

மத்திய வாரியம் ஆறுகளை இப்படி அளந்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கிருமி நீக்கினாலே குடிக்கலாம் என்பது 'ஏ'. குளிக்கலாம் என்பது 'பி'. முறையாகச் சுத்திகரித்தால் குடிநீராகும் என்பது 'சி'. மீனுக்கும் காட்டு விலங்குக்கும் 'டி'. பாசனத்துக்கும் ஆலைகளைக் குளிர்விக்கவும் 'இ'. எந்த நீர் எதற்கு உதவ வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கான தரத்தை எட்டவைப்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இப்போது ஒரத்துப்பாளையத்துக்குத் திரும்பலாம். பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. சாயத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் அந்த உப்பு அப்படியே கரைந்து போகிறது. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறம் குறையும். நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டால் பி.ஓ.டி. குறையும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. திருப்பூரில் முதலில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் உப்பைப் பிரிக்க முடியவில்லை. பார்வைக்குத் தெளிந்திருந்த நீர், ஆற்றை உவராக்கிக்கொண்டே போனது.

நொய்யல் நீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்பது 2006 டிசம்பரில் வந்த உத்தரவின் சாரம். சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் 2009இல் தோற்றார்கள். அதற்குப் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, திருப்பூரின் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 700க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. இப்படி மின் இணைப்பைத் துண்டித்து ஆலையை மூடும் அதிகாரம் வாரியத்துக்கு 1988இல்தான் சட்டத்தில் 33-ஏ பிரிவாகச் சேர்ந்தது. அதற்கு முன் வாரியம் ஒவ்வொரு ஆலையின் மீதும் வழக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

பனியன் ஊரான திருப்பூர் திகைத்துப்போனது. கூலி இல்லாமல் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். உழவர்கள் இருபது ஆண்டாக இழந்ததை அவர்கள் ஒரு வாரத்தில் இழந்தார்கள், இரண்டு தரப்புமே தாங்கள் செய்யாத குற்றத்துக்கு. இதை நீ மறந்துவிடக் கூடாது. காலத்தில் செய்யாத கண்காணிப்பின் செலவு, ஏழைகள் தலையில் இரண்டு முறை விழுந்தது.

இதற்குப் பிறகுதான் மாற்றம் வந்தது. வட்டியில்லாக் கடனாக மாநில அரசு பணம் கொடுத்தது. உப்பைப் பிரிக்கும் எதிர் சவ்வூடுபரவல் எந்திரங்களும் ஆவியாக்கும் கொதிகலன்களும் வந்தன. இன்று அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரின் பெரும்பங்கை நல்ல நீராக்கிச் சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகின்றன. உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்துகின்றன. மிச்சமாகும் கசடை எங்கே வைப்பது, ஆவியாக்கச் செலவாகும் விறகுக்கும் மின்சாரத்துக்கும் எங்கே போவது என்ற கேள்விகள் இருக்கின்றன. ஆனாலும் நடக்கவே நடக்காது என்று சொல்லப்பட்ட ஒன்று நடந்தது.

பாலாற்றின் கதை இன்னும் பழையது. நந்தி மலையிலிருந்து வரும் அந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடும். தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் தோல் பதனிட்ட நீர் அந்த மணலில் இறங்கிக் கிணறுகளுக்குப் போனது. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதாக ஓர் ஆய்வுக் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்ன தீர்ப்பை இன்று சட்டம் படிக்கும் எல்லா மாணவரும் படிக்கிறார்கள். கெடுதல் நேருமோ என்று ஐயம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும். கெடுத்தவரே சீராக்கும் செலவையும் இழப்பீட்டையும் ஏற்க வேண்டும். தன் தொழிலால் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. இவை இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. ஒன்பது ஆண்டு முன்பே, கான்பூர் தோல் ஆலைகள் கங்கையைக் கெடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழிலுக்கு எப்படி இடமில்லையோ, அப்படியே கழிவைச் சுத்திகரிக்க முடியாத தொழிலுக்கும் இடமில்லை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பிறகும் பாலாறு தேறவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே ஆற்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடி, அதை ஆலைகளிடமிருந்து வசூல் செய், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமை என்று. 1996இல் இருபது வயதாக இருந்த உழவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது.

ஆலைகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. மத்திய வாரியத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்திய நகரங்கள் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகின்றன. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர். நூறு குடத்துக்கு இருபத்தெட்டுக் குடம்! கட்டி வைத்திருக்கும் நிலையங்களின் கொள்ளளவே 31,841 மில்லியன் லிட்டர். அதிலும் மூன்றில் ஒரு பங்கு வீணாக நிற்கிறது. பாதாளச் சாக்கடைக் குழாய் அந்த நிலையம் வரை போய்ச் சேராததும், எந்திரம் பழுதானால் சரிசெய்ய நகராட்சியிடம் பணமோ ஆளோ இல்லாததும் இதற்கு முக்கியக் காரணங்கள். 1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டம் பல இடங்களில் தடுமாறியதும் இப்படித்தான். கட்டடம் திறந்த நாளில் இருந்த அக்கறை, பத்தாவது ஆண்டில் மோட்டார் எரிந்தபோது இல்லை.

முன்னேற்றமும் உண்டு. மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் 2018இல் 351ஆக இருந்தவை, 2022 அறிக்கையில் 311ஆகக் குறைந்தன. 17 வகைப் பெருமாசு ஆலைகள் தங்கள் கழிவின் அளவுகளை நேரலையாக வாரியத்துக்கு அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய வாரியம் 2014இல் ஆணையிட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சாதாரண மக்களின் மனுக்களையும் கேட்கிறது.

2024இல் நீர்ச் சட்டத்தில் ஒரு பெரிய திருத்தம் வந்தது. பல குற்றங்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றினார்கள். ஏற்றுக்கொள்ளும் மாநிலங்களில் மட்டும் இது செல்லும். வழக்கு இழுத்துக்கொண்டே போவதைவிட உடனடி அபராதம் நல்லது என்பது ஆதரிப்போர் வாதம். சுத்திகரிப்பு நிலையத்தை ஓர் ஆண்டு ஓட்டும் செலவைவிட அபராதம் குறைவாக இருந்தால், வசதியுள்ள ஆலை அபராதத்தைக் கட்டிவிட்டுக் கழிவைத் திறந்துவிடாதா என்பது எதிர்ப்போர் கேள்வி. இரண்டையும் வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.

ஆக, நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. புட்டியில் வரும் எண்ணைப் பார்த்து, அன்றே செயல்படுவதில்தான் குறை. ஒரத்துப்பாளையத்து உப்பின் அளவு 1990களிலேயே தெரியும். பட்டறைகள் மூடியது 2011இல்.

இந்த வேலையில் உனக்கும் இடம் இருக்கிறது. வாரியம் கொடுக்கும் இசைவாணைகளின் பதிவேட்டை, அந்த நீரால் பாதிக்கப்படும் எவரும் பார்க்கலாம் என்கிறது சட்டத்தின் 25ஆவது பிரிவு. 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, தனி மனிதரே நீதிமன்றத்தில் முறையிடலாம் என்கிறது 49ஆவது பிரிவு. வீடுகளுக்குக் குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்க வேண்டும். உன் ஊரில் அந்த ஐவர் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்.

கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பள்ளி ஆய்வகத்திலும் இருக்கலாம். குடிநீருக்கு இந்திய தர நிர்ணய அமைப்பு சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. ஒரே கிணற்றை எடுத்துக்கொள். ஆடியில் ஒரு முறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு முறை, மாசியில் ஒரு முறை அளந்து, தேதியோடு நோட்டில் குறித்து வை. அடுத்த கடிதத்தில் முதல் எண்ணை எழுதி அனுப்பு. கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது, ஓடைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு சிறு வரைபடமும் போட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்