வீட்டை முதலில் கட்டியவர் யார்? தேடிக் கண்டுபிடிக்கச் சில குறிப்புகள்

பழைய வீட்டை விலைக்கு வாங்கியவருக்கும் சரி, தாத்தா வழியில் பெற்றவருக்கும் சரி, என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வரும்: இதைக் கட்டியவர் யார், அவர் குடும்பம் என்ன ஆயிற்று? தெருவில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதிக் கதைகளில் புதையல் வேறு இருக்கும். கதைகளை மறுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பத்திரங்களின் வழியே போங்கள்.

1. கையிலிருக்கும் கிரயப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் செல்லுங்கள். விற்றவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று ஒரு பத்தி இருக்கும். அதில் உள்ள பழைய ஆவண எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு அடுத்த பத்திரத்துக்குப் போங்கள். ‘கட்டியவர் இன்னார்தானாம்’ என்று நேராக அங்கே தாவினால் நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போகும்.

2. வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்கள் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை மற்றவர்களும் கேட்கலாம். பெயர்வாரியாகவும் சொத்துவாரியாகவும் அட்டவணைகள் உண்டு. சர்வே எண் தெரியாவிட்டால் பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

3. மாவட்ட எல்லைகள் மாறியதை மறக்கக் கூடாது. காரைக்குடிப் பக்கத்து வீடு என்றால் இன்று சிவகங்கை மாவட்டம். 1985க்கு முன் ராமநாதபுரம். 1910க்கு முன் மதுரை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போதும் அந்தந்தக் காலத்து மாவட்டப் பெயரைச் சொன்னால்தான் வேலை நடக்கும்.

4. நிலத்தை முதலில் வாங்கியவரும் வீட்டைக் கட்டியவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. சொத்து விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். ஒரு பத்திரத்தில் ‘காலி மனை’ என்றும் அடுத்ததில் ‘மனையும் அதிலுள்ள மச்சுவீடும்’ என்றும் இருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில்தான் வீடு எழும்பியிருக்கிறது. முதலில் கூரைவீடு, பிறகு ஓட்டுவீடு, அப்புறம் மச்சுவீடு என்று மூன்று கட்டமாக மாறிய மனைகளும் உண்டு.

5. சக்குபந்தியை விட்டுவிடாதீர்கள். ‘இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு’ என்று நாலு எல்லையும் அதில் வரும். அந்த ‘இன்னார்’ பல சமயம் உடன்பிறந்தவராகவோ பங்காளியாகவோ இருப்பார். உங்கள் வீட்டுப் பத்திரம் கிடைக்காத இடத்தில் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் உங்கள் வீட்டுக்காரர் எல்லையாக நிற்பார்.

6. தேதியைப் படிக்கப் பழகுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு இருக்கும். அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை. ருத்ரோத்காரி 1863லும் வந்தது, 1923லும் வந்தது, 1983லும் வந்தது. எந்தச் சுற்று என்று குழம்பினால் முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள். விக்டோரியாவா, ஐந்தாம் ஜார்ஜா என்பதிலேயே தீர்ந்துவிடும்.

7. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அண்ணன் தம்பிகள், இறந்தவரின் பிள்ளைகள், விதவைத் தாய்க்கு ஒதுக்கிய ஜீவனாம்சம், யாருக்கு எந்த அறை, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று குடும்பமே அதில் இருக்கும். ஆனால் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டமானது. பெண் வழியைத் தேட தான செட்டில்மெண்ட், உயில், சீர் எழுதிய கணக்கு ஆகியவற்றைப் பாருங்கள். மகன்களை மட்டும் வைத்துப் போடும் வம்சாவளி பாதி வம்சாவளிதான். பாக வழக்கு நடந்த குடும்பமா? இன்னும் நல்லது. வழக்குத்தாளில் வம்சாவளியையே வரைந்து வைத்திருப்பார்கள். சண்டை போட்ட குடும்பங்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

8. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால், ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்ப வரும். தகப்பன் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள்.

9. செட்டிநாட்டு வீடு என்றால் முதலில் விலாசத்தைக் கேளுங்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளே அங்கே குடும்பத்தின் முகவரி. பிறகு, நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் என்று பாருங்கள். இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா என்று தெரிந்துவிட்டால், அந்தக் கோவிலின் புள்ளிக் கணக்கு (குடும்பங்களின் கணக்கு) வழியே வாரிசுகளைத் தேடலாம். திருமணத்தின்போது எழுதிய இசைகுடிமானம் கிடைத்தால் இரு வீட்டார் பெயரும் தெரியும். பிள்ளை கூட்டிய, அதாவது சுவீகாரம் எடுத்த, வீடானால் தகப்பன் பெயர் மாறியிருக்கும். நடுவில் நூல் அறுந்தாற்போல் தோன்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

10. ஓட்டைப் புரட்டி முத்திரையைப் பாருங்கள். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதனால் ஓட்டில் 1865 என்று கண்டதும் வீட்டுக்கு அந்த வயதைக் கொடுத்துவிடாதீர்கள். அதே ஓடு ‘காமன்வெல்த்’ என்ற பெயரில் இருந்தால் முதல் உலகப் போருக்குப் பிந்தையது.

11. பரணிலும் பழைய டிரங்குப் பெட்டியிலும் இருக்கும் தாள்களைப் பாருங்கள். வீட்டுவரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, புகைப்படத்தின் பின்புற ஸ்டூடியோ முத்திரை எல்லாமே சாட்சிதான். மொய் நோட்டு தனி ரகம். பெயரோடு ஊரும் இருப்பதால், சொந்தம் எந்தெந்த ஊரில் பரவியிருந்தது என்று தெரியும். பல நோட்டுகளில் முதல் வரி தாய்மாமனுடையது. கிறிஸ்தவக் குடும்பமானால் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும், முஸ்லிம் குடும்பமானால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும் கேளுங்கள்.

12. தெருவின் மூத்தவர்களிடம் பேசும்போது ‘வீடு எந்த வருஷம் கட்டியது?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்த வீட்டில் முதலில் யார் கல்யாணம் நடந்தது?’ என்று கேளுங்கள். பாட்டிமார் சமையற்காரர் பெயர் வரை சொல்வார்கள்.

13. ஓலையையோ பழைய தாளையோ லேமினேட் செய்யவும் செலோடேப் ஒட்டவும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, உறையில் போட்டு வையுங்கள். கட்டியவரின் வாரிசுகளைக் கண்டுபிடித்தால், சொத்தில் உரிமை கேட்டு வந்திருக்கிறீர்களோ என்று முதலில் பயப்படுவார்கள். வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு, கையோடு ஒரு ஜெராக்ஸ் பிரதியும் கொடுங்கள். உங்களுக்கு வேண்டாத பத்திரிகைகளையும் நோட்டுகளையும் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன், சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் அழைப்பிதழ்களும்தான் 1994இல் அந்த நூலகமாயின.