சைக்கிள் ஓட்டியும் எடை குறையவில்லையே!

கேள்வி: எனக்கு வயது 44. உட்கார்ந்தே பார்க்கும் வங்கி வேலை. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய் உண்டு என்பதால், மூன்று மாதமாகக் காலையில் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. முழங்கால் வலிதான் மிச்சம். சோற்றை அறவே நிறுத்தினால் இரண்டே மாதத்தில் பத்து கிலோ குறையும் என்கிறார் நண்பர். சைக்கிளை விட்டுவிட்டு டயட்டுக்கு மாறிவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: சைக்கிளை விடாதீர்கள். எடை குறையாததற்குக் காரணம் எளிய கணக்குதான். 70 கிலோ எடையுள்ளவர் நிதானமாக அரை மணி நேரம் மிதித்தால் ஏறக்குறைய 150 முதல் 200 கலோரி செலவாகும். முடித்த கையோடு டீக்கடையில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போனால், செலவான அத்தனையும் திரும்பிவிடும். கொஞ்சம் கூடவும் செய்யும். கடைப்பக்கமே போகாதவர்கூட, மிதித்த பசியில் வீட்டில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டுவிடுகிறார். எடை பெரும்பாலும் தட்டில்தான் முடிவாகிறது. அதற்காக, எடை குறையவில்லை என்றால் சைக்கிளால் பயனே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து, சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் உடலுழைப்பையும் சீர்செய்துகொண்டவர்களில் அது 39 சதவீதம்தான். இத்தனைக்கும் இவர்களுடைய சராசரி எடை குறிப்பிடும்படி குறையவில்லை. வேலை செய்யும் தசை, ரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாளில் மங்கிவிடும் என்பதால்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சிரைக்க ஓட்டுவதைவிட வாரம் முழுக்கப் பரவலாக ஓட்டுவது மேல். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 2017 ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் மரண அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஆரோக்கியமானவர்தானே சைக்கிளை எடுப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; புகைப்பழக்கம், உணவு போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தச் சந்தேகம் முழுதாகத் தீராது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த சென்னை ஆய்வுக்கு அதனால்தான் நான் கூடுதல் மதிப்பு தருகிறேன்.

தட்டில்தான் எடை முடிவாகிறது என்றால் நண்பர் சொல்வது சரிதானே என்று தோன்றும். சோற்றை நிறுத்தினால் முதல் சில வாரம் மளமளவென்று எடை இறங்கும். அதில் கணிசமான பங்கு தண்ணீர். மீதிக்கும் உத்தரவாதம் இல்லை. எடை குறைப்புக்கான அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-இல் வந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவிடும் கலோரியோ, அவர்களுடைய உடலளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 குறைந்தபடியே இருந்தது. பதினான்கு பேர் சிறிய எண்ணிக்கை, அவர்கள் செய்ததும் அதீதம். ஆனாலும் வேகமாக இறக்குவதைவிட இறங்கியதைக் காப்பதுதான் கடினம் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே சோற்றை ஒழிக்க வேண்டாம், அளவைக் குறையுங்கள். மதியம் இரண்டு கரண்டி சோறு குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், கீரைப் பொரியல் என்று ஏதாவது ஒன்றை வையுங்கள். கம்பு, ராகி என்று மாறினாலும் அளவு அளவுதான். எந்த டயட்டாக இருந்தாலும் அதை அறுபது வயதிலும் சாப்பிட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் தொடங்கவே வேண்டாம்.

முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதே காரணம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். கியர் இருந்தால் இலகுவானதில் போட்டு, சற்று வேகமாகச் சுழற்றுங்கள். அப்படியும் வலி போகாவிட்டால், அல்லது ஓட்டும்போது நெஞ்சு வலித்தால், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அரை மணி வீதம் வாரம் ஐந்து நாள் ஓட்டினாலே முதல் பாதி நிறைவேறிவிடுகிறது. சைக்கிள் எலும்புக்குப் பெரிய பலம் தராது என்பதால் தசைப் பயிற்சியையும் விடாதீர்கள். எடையை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோகாமல், இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் பாருங்கள். இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும். நீங்கள் பயப்படுவது சர்க்கரை நோய்க்கு என்றால், பார்க்க வேண்டிய எண்கள் இவைதான்.