தீபாவளி முடிந்த கையோடு: லோத்குண்டா கார்களுக்கு க்ளே பார் போடும் காலம்

மழை விலகிவிட்டது. அக்டோபர் நடுவில் தென்மேற்குப் பருவமழை ஹைதராபாத்தை விட்டுக் கிளம்பிய பிறகு, கார் பெயின்ட்டைக் கவனிக்க நல்ல நாட்கள் இவைதான். நிழலில் நிறுத்தினால் பானெட் சுடாது. தெளித்த ஷாம்பூ தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்துபோகாது. லோத்குண்டா, அல்வால், திருமலகிரி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். காரை நன்றாகக் கழுவித் துடைத்த பின், மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் பானெட்டை மெதுவாக வருடுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்கு உப்புத்தாள் போலத் தெரியும். டிக்கியின் மேல் பக்கம், கூரை, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கதவின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களையும் விடாதீர்கள். எங்கும் வழுக்கிக்கொண்டு போனால் க்ளே வேண்டாம். வாக்ஸ் மட்டும் போட்டு விட்டுவிடுங்கள். தேவையில்லாத க்ளே, பெயின்ட்டுக்குத் தேவையில்லாத தேய்ப்பு.

நம் பக்கத்தில் பெரும்பாலான கார்களில் அந்தச் சொரசொரப்பு இருக்கும். அல்வால், பொலாரம் வழியாக மேட்சல் போகும் ரயில் பாதை அருகிலேயே இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து அதில் எம்எம்டிஎஸ் வண்டிகளும் ஓடுகின்றன. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உரசிக் கிளம்பும் இரும்புத்தூள் பெயின்ட்டில் ஒட்டி, பனி ஈரத்தில் துருப்பிடிக்கும். வெள்ளைக் காரில் பொட்டுப் பொட்டாக ஆரஞ்சு நிறம் தெரிந்தால் தகரம் துருப்பிடித்துவிட்டதென்று பயப்பட வேண்டாம், அநேகமாக அது மேலே ஒட்டிய துகள்தான். ராஜீவ் ரஹதாரியில் போகும் லாரி, பஸ்களின் பிரேக் தூளும் இதே இனம். இப்போது தீபாவளிச் சாம்பலும் சேர்ந்திருக்கும். கம்பி மத்தாப்பில் பூவாய்ச் சிதறும் பொறியும் இரும்புத்தூள்தானே!

க்ளே என்று பெயர் இருந்தாலும் இது களிமண் இல்லை. பிசின் போன்ற செயற்கைப் பொருளில் மிக நுண்ணிய தேய்ப்புத்தூளைக் கலந்து செய்தது. ஜப்பானைச் சேர்ந்த டடாவோ கொடாடே 1990-களில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பெயின்ட்டின் மேல் துருத்திக்கொண்டிருப்பதை இது வழித்தெடுக்கும். கீறலைப் போக்காது, மங்கிய நிறத்தை மீட்காது. அந்த வேலை பாலிஷுடையது.

வாங்கும்போது மிக மென்மையான ரகத்தையே கேளுங்கள். ஃபைன் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் நீலம் மென்மை என்றால் இன்னொன்றின் நீலம் அப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கறுப்பு, அடர் நீலக் கார்களுக்கு மீடியம் ரகமே வேண்டாம். க்ளே மிட் எனும் கையுறை வேகமாக வேலை முடிக்கும், கீழே விழுந்தாலும் அலசிக்கொள்ளலாம். ஆனால் அடர் நிறப் பெயின்ட்டில் மங்கல் கோடு விடும் வாய்ப்பு அதில் அதிகம். முதல் முறை செய்பவர்களுக்குக் கட்டியே நல்லது.

கழுவியதும் அயர்ன் ரிமூவர் அடியுங்கள். இரும்புத்தூள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். காயவிடாமல் அலசிவிட வேண்டும். இதைச் செய்தால் க்ளேவுக்குப் பாதி வேலைகூட மிஞ்சாது. பிறகு கட்டியில் பாதியை மட்டும் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் போட்டெடுத்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடம், அதற்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். க்ளே லூப்ரிகன்ட்டைத் தாராளமாகத் தெளித்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள், அழுத்தவே அழுத்தாதீர்கள். முதலில் சரசரவென்று சத்தம் வரும், கை இழுபடும். சத்தம் அடங்கி கை வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. க்ளேயைத் திருப்பிப் பார்த்தால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். மடித்துப் பிசைந்து புது முகம் கொண்டுவந்து அடுத்த இடத்துக்குப் போங்கள்.

கீழே விழுந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அடர் நீலக் கார் ஒன்றுக்குப் போட்டபோது எங்கள் செல்லாரில் ஒரு துண்டு கை தவறியது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். பானெட்டில் ஒரு சாண் நீளத்துக்கு மூன்று மெல்லிய கோடுகள். செல்லார் தரையின் ஒரு மணல் துகள் போதும். அந்தக் கோடுகளை எடுக்க ஒரு மத்தியானம் முழுக்க பாலிஷ் போட வேண்டியிருந்தது. மேல் பூச்சான க்ளியர் கோட்டே சுமார் 40–50 மைக்ரான் தடிமன்தான், ஒவ்வொரு பாலிஷும் அதில்தான் சுரண்டுகிறது.

சிமென்ட் தெறித்த காருக்கு க்ளே போடக்கூடாது. பேரடைஸிலிருந்து ஷாமீர்பேட்டை வரையான மேம்பாலச் சாலைக்கு 2024 மார்ச் 7-ல் அல்வாலில் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நடக்கும் இடத்தின் ஓரம் நிறுத்துபவர்கள், சிமென்ட் சொட்டு காய்ந்திருந்தால் க்ளேயால் தேய்க்காமல், அதைக் கரைக்கவென்றே விற்கும் திரவத்தைப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளை வட்டங்களுக்கும் க்ளே பெரிதாக உதவாது. வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி, உடனே அலசிப் பாருங்கள். மேட் பெயின்ட்டுக்கு க்ளே வேண்டவே வேண்டாம். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் இருந்தால் அடித்தவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். முன் கண்ணாடிக்குத் தாராளமாகப் போடலாம், வைப்பர் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் கண்ணாடிக்குப் போட்ட துண்டைப் பெயின்ட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

க்ளே போட்ட அன்றே வாக்ஸோ சீலன்ட்டோ பூசிவிடுங்கள். க்ளே பழைய வாக்ஸையும் சேர்த்து வழித்திருக்கும், பெயின்ட் வெறுமையாக நிற்கும். மிச்சத் துண்டை நாலு சொட்டு லூப்ரிகன்ட் விட்டு டப்பாவில் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்து கல்லாகிவிடும்.

நவம்பர், டிசம்பரில் விடியற்காலைப் பனி கார் மேல் முத்துமுத்தாக நிற்கும். தினமும் காலையில் கார் துடைக்க வரும் தம்பி, அந்த ஈரத்தோடு தூசியையும் சேர்த்து ஒரே துணியால் இழுத்தால் இவ்வளவு வேலையும் ஒரு வாரத்தில் போய்விடும். அவருக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, முதலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும் என்று இன்றே சொல்லிவையுங்கள்.