ரோட்டுக்கும் மண்பாதைக்கும் ஒரே டயர் போதுமா?

கேள்வி: எம்.டி.பி. (மலைப்பாதை) சைக்கிளில் தினமும் தார்ச்சாலையில் வேலைக்குப் போகிறேன், ஞாயிறுகளில் மண்பாதை. எந்த டயர் போடலாம்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: நடுவில் ரப்பர் பட்டன்கள் நெருக்கமாகவும் ஓரங்களில் முரட்டுத்தனமாகவும் உள்ள டயராகப் பாருங்கள். நேராக ஓடும்போது நடுப்பகுதிதான் ரோட்டில் படும். வளைவில் சாயும்போது ஓரப் பட்டன்கள் மண்ணைக் கவ்வும். 2 அங்குல அகலம் சரியாக இருக்கும். பழைய டயரின் பக்கவாட்டில் 50-584 என்றிருந்தால் 27.5 அங்குலச் சக்கரம். 50-622 என்றால் 29. புது டயரில் அந்தக் கடைசி மூன்று இலக்கங்கள் மாறவே கூடாது.

பலரும் கவனிக்காதது காற்றழுத்தம். ரோட்டுக்கு 45 பி.எஸ்.ஐ. வைத்தால் மண்பாதைக்கு 30-35க்கு இறக்குங்கள். மிகவும் குறைத்தால் கல்லில் இடிபட்டு ட்யூப் பஞ்சராகும். மழைக்காலச் சேற்றில் மட்டும் இந்த டயரை நம்பாதீர்கள். முன்சக்கரத்துக்காவது முழுப் பட்டன் டயர் போடுங்கள்.