மூடி வைத்த லேப்டாப் திறக்கவில்லையா?

சென்ற மாதம் சிவகாசியில் அச்சக வேலை பார்க்கும் ஒரு சகோதரர், தம் மகளுடன் நமது அலுவலகத்துக்கு வந்தார். மகளின் லேப்டாப் உயிர் பெறவில்லை. போர்டு மாற்ற ஆறாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். கையில் உதவி மனு. நாங்கள் சார்ஜரைச் செருகிக் கால் மணி நேரம் விட்டோம். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி ஒருமுறை அழுத்தினோம். திரை வந்துவிட்டது. மனு தேவைப்படவில்லை. ஆனால் சேமிக்காமல் விட்ட ப்ராஜெக்ட் பக்கங்கள் போனது போனதுதான்.

மூடியைச் சாத்தினால் லேப்டாப் அணைவதில்லை, 'ஸ்லீப்' நிலைக்குப் போகிறது. திறந்திருந்த வேலையெல்லாம் ரேமில் நிற்கும். அதைக் காக்கப் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். புதிய மாடல்கள் பலவும் அந்நிலையிலும் வைஃபையோடு தொடர்பில் இருக்கும். சில சமயம் பைக்குள்ளேயே விழித்துச் சூடேறும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

'ஹைபர்னேட்' அப்படியல்ல. வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைந்துவிடும். சார்ஜ் தீர்ந்தாலும் வேலை போகாது. கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' திறந்து, இடப்பக்கம் மூடியைப் பற்றிய வரியைச் சொடுக்கி, 'ஹைபர்னேட்' என்று மாற்றுங்கள். 

விளக்கு எரிந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' அழுத்திப் பாருங்கள். திறந்திருக்கும் வேலை போகாது. பட்டனை நீண்ட நேரம் அழுத்துவது அதற்கப்புறம்தான்.

2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் பேட்டரிதான் முதலில் தேயும். டச்பேட் மேலே தூக்கியிருந்தால், அடிப்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. அழுத்தவோ குத்தவோ வேண்டாம்; சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். தீப்பெட்டிக் கட்டோ பட்டாசோ இருக்கும் அறையில் எந்த லேப்டாப்பையும் இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள். இதை நம் பகுதிக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதே வருத்தம்.

சந்தேகம் இருப்பவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள்.